கரண்டு வைக்காத வைத்தியம்

பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். கண் மங்கினால் கண் டாக்டர். முட்டி வலித்தால் மட்டும் யாரும் யாரிடமும் அனுப்புவதில்லை. நின்ற இடத்திலேயே அவர்களே பார்த்துவிடுவார்கள். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு தரம் "முருகா" என்றால் போதும். கீழ் வீட்டு அக்கா முடக்கத்தான் கீரையை அரைத்து தோசை மாவில் கலக்கச் சொல்வார். பூக்காரம்மா பிரண்டைத் துவையல் கட்சி. என் நாத்தனார் எண்ணெய்க் கட்சி. காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாகத் தேய்க்க வேண்டும். உருளைக்கிழங்கு வாயு என்பதில் மட்டும் எல்லாக் கட்சிகளுக்கும் கூட்டணி. அதனால் எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வறுவல் செய்யும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுவோம்.

எலும்பு டாக்டர் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். படுக்கவைத்து எடுத்தால் மூட்டு இடைவெளி முழு உண்மையைச் சொல்லாதாம். உடம்பு பாரம் ஏறினால்தான் ஒப்புக்கொள்ளுமாம். படத்தைப் பார்த்துவிட்டு, "தேய்மானம்மா, கிரேடு மூணு" என்றார். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957இல் வகுத்த கணக்கு அது, 0 முதல் 4 வரை. பள்ளிக்கூடத்தில் மார்க் போட்டே காலம் தள்ளியவளுக்கு, நாலுக்கு மூன்று என்றதும் ஒரு நொடி பூரிப்பாகத்தான் இருந்தது. அதிலும் நாத்தனாருக்கு இரண்டுதான். ஆனால் முனகலில் அவர்தான் முதல் ரேங்க். மூன்று வாங்கியவள் அடுப்படியில் நிற்க, இரண்டு வாங்கியவர் சாய்வு நாற்காலியில் இருப்பது என்ன நியாயம் என்று நான் ஒரு பண்டிகை நாளில் பிராது கொடுத்தேன். தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவே வந்தது. படத்தில் தெரியும் தேய்மானமும் ஆள் படும் வலியும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, படம் மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு என்று டாக்டரே சொல்லிவிட்டார். அறிவியல் சில சமயம் நாத்தனார் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

டாக்டர் சீட்டில் பிசியோதெரபி என்று எழுதிக்கொடுத்தார். எங்கள் கும்பகோணத்தில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. "கரண்டு வைக்கப் போறேன்" என்பார்கள். நானும் அதற்குத்தான் போனேன். முட்டியைச் சுற்றிப் பட்டைகளைக் கட்டிக் குமிழைத் திருகினால் தோலுக்கடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. மேலே மின்விசிறி, பக்கத்தில் திரைச்சீலை. அத்தனை நேரமும் "காபி ஆச்சா?" என்று யாரும் கேட்க முடியாது. இப்படி ஓர் இடம் இருப்பது தெரிந்திருந்தால் முட்டியைக் கொஞ்சம் சீக்கிரமே தேய்த்திருக்கலாம்.

அங்கிருந்த பிசியோ பெண்தான் கனவைக் கலைத்தாள். "இது வலியைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கும், அவ்வளவுதாம்மா. எக்சர்சைஸ்தான் மருந்து." இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கறார். மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் உடற்பயிற்சியைக் கொடு. கரண்டு வகையறாவைக் கொடுக்காதே, அதற்குப் போதிய சான்று இல்லை என்கிறது. எழுதியவர்கள் அந்தத் திரைச்சீலைக்குள் ஒரு தூக்கம் போட்டுப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

அவள் கொடுத்த மருந்து ஒரு டர்க்கி டவல். அதைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, காலை நீட்டி, தொடைச் சதை இறுகும்படி டவலைக் கீழே அழுத்திப் பத்து எண்ண வேண்டும். பிறகு காலை மடக்காமல் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பது. பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. தொடைச் சதை வலுத்தால் முட்டியின் பாரத்தில் அதுவும் பங்கு வாங்கிக்கொள்ளும். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாதாம். மூட்டுக்குள் இருக்கும் நீர்தான் அதற்குச் சாப்பாடு, காலை ஆட்டி அசைத்தால்தான் அது உள்ளே இறங்கும். "முட்டி வலியா? பேசாம உட்காரு" என்று அன்போடு சொல்கிறவர்கள் எல்லாம் அதைப் பட்டினி போடுகிறார்கள் என்று அர்த்தம். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாளைக்குள் தணிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

இந்தப் பயிற்சியில் பெரிய குறை, அது வெளியே தெரியாது. பார்க்கிறவர்களுக்கு, ஒரு பொம்பளை பட்டப்பகலில் காலை நீட்டிப் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே தொடை உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்று, "பால்காரர் வந்திருக்கார், எத்தனை லிட்டர் வாங்க?" என்பார்.

"ஏழு."

"ஏழு லிட்டரா?"

"எட்டு."

ஒரு நாள் நிஜமாகவே பாத்திரம் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கிற ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் மேல் ஏறத்தாழ நாலு கிலோ பாரம் குறையும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற மனுஷன் முன்னால் அந்தப் பெண் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். நான் இரண்டாவது மெதுவடைக்குக் கை நீட்டினால், "அது நாலு வடை" என்கிறார்.

கைத்தடியிலும் இப்படி ஒரு சிக்கல். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில்தான் பிடிக்க வேண்டும். எனக்கு வலது முட்டி, தடி இடது கையில். கும்பேஸ்வரன் கோயில் பிராகாரத்தை ஒரு சுற்று வருவதற்குள் யாராவது ஒரு புண்ணியவான் நிறுத்தி, "தப்பாப் பிடிச்சிருக்கீங்கம்மா" என்று தடியை வாங்கி வலது கையில் கொடுத்துவிடுவார். அவர் தலை மறைந்ததும் மாற்றிக்கொள்வேன். அடுத்தவர் வருவார்.

இத்தனை பாட்டுக்கு ஆபரேஷனே செய்துகொள்ளலாமே என்று தோன்றும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. முட்டித் தேய்மானக்காரர்கள் 180 பேர். சிலருக்குக் குழாய் விட்டு மூட்டைக் கழுவினார்கள், சிலருக்கு உள்ளே சீவியும் விட்டார்கள், மீதிப் பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு வருஷம் பார்த்ததில், நிஜ ஆபரேஷன்காரர்கள் பொய் ஆபரேஷன்காரர்களைவிட ஒரு படிகூடத் தேறவில்லை. இதைப் படித்ததிலிருந்து நாத்தனாரின் எண்ணெய்ச் சட்டியை நான் கிண்டல் செய்வதில்லை. நமக்கென்று நாலு பேர் கூடி எதையாவது செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. டவலுக்கு அந்த யோகம் இல்லை. அதை அழுத்துகிறவளைப் பார்க்க யாரும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வருவதில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான், கிரேடு மூன்று இறங்கப்போவதில்லை. ஆனால் மாடிக்கு வற்றல் காயப்போட இப்போது நானே ஏறுகிறேன். நாத்தனார் இதை எண்ணெயின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. எங்கள் தெருக்கோடிப் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு பெண் வந்திருந்தாள். பார்த்தால் அதே டவல், அதே பத்து எண்ணிக்கை. பெரியம்மா அழுத்தினார், எண்ணினார், நாற்காலியைப் பிடித்து எழுந்தார், உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து அந்தப் பெண் பையை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "கரண்டு வைக்காமப் போறியே தாயி? பில்லு ஏறிடும்னு யோசிக்காதே, எம் மவன்தான் கட்டுறான்."