சக்கரத்தில் ஏறிய மனு

அனுப்புநர்: ஒரு சைக்கிள்காரன், ரமணாசிரமம் பகுதி, செங்கம் சாலை, திருவண்ணாமலை.

பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள், சைக்கிள் துறை. (அப்படி ஒரு துறை இன்னும் பிறக்கவில்லை. பிறந்த அன்றே மேசையில் ஒரு கோப்பாவது இருக்கட்டும் என்று முன்கூட்டியே அனுப்புகிறேன்.)

பொருள்: சைக்கிள் சக்கரத்தில் எழுத்து எரியவிட்டது – அனுமதி வேண்டுதல் – அனுமதி தரவேண்டியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

என் சைக்கிளின் பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து நான்கு எல்.இ.டி. பட்டைகளைக் கட்டியிருக்கிறேன். சக்கரம் சுற்றினால் ‘அருணாசலம்’ என்று எழுத்து அந்தரத்தில் எரியும். நின்றால் அணைந்துவிடும். இதற்கு அனுமதி வேண்டுமா, வேண்டுமென்றால் யாரிடம், வேண்டாமென்றால் அதை எழுதிக் கொடுப்பவர் யார்? மூன்று அலுவலகங்களின் வாசலில் கேட்டுவிட்டேன். முதல் இடத்தில் “மோட்டார் இருக்கா?” என்றார்கள். இல்லை என்றேன். “அப்ப எங்களுக்கு வராது.” இரண்டாவது இடத்தில் “கம்பத்துல கட்டுன லைட்டா?” என்றார்கள். மூன்றாவது இடத்தில் கேள்விகூடக் கேட்கவில்லை, மணி ஒன்றாகிவிட்டதாம்.

கருவியைப் பற்றித் தாங்கள் அறிய விரும்பலாம். சக்கரம் ஒவ்வொரு சுற்றையும் தொடங்கும் இடத்தைச் சொல்ல ஒரு சென்சார், அதற்கு அடையாளமாகச் சட்டத்தில் ஒட்டிய ஒரு காந்தம், கணக்குப் போட விரல் நீளத்தில் ஒரு சில்லு, ஹப்பின் அருகே பேட்டரி. பட்டை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதற்குரிய புள்ளிகள் மட்டும் எரிந்து அணையும். நம் கண் ஒரு வெளிச்சத்தை அணைந்த பிறகும் கணநேரம் பிடித்து வைத்திருப்பதால் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு எழுத்தாகின்றன. சொல்வது சுலபம். 28 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாலும் நொடிக்கு இரண்டு சுற்று முழுசாக வராது. ஒரே பட்டை என்றால் வெறும் கண்சிமிட்டல்தான், அதனால்தான் நான்கு. இதில் இரண்டை இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும் திருப்ப வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு அருணாசலம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறித் தெரியும். ரோட்டோரச் சைக்கிள் கடை அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுக்குப் பேசாம அந்த வீலைப் பெண்டு எடுத்திருக்கலாம் தம்பி.”

இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று தாங்கள் தள்ளிவிடக் கூடாது. கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரிகிறதே, அந்த வட்டம் உண்மையில் உண்டா என்ற கேள்வியை வைத்து ஓர் அத்தியாயமே எழுதியவர் கௌடபாதர். மாண்டூக்ய காரிகையின் நான்காம் அத்தியாயத்துக்கு ‘அலாதசாந்தி’ என்றே பெயர். ஆகவே என் பின்சக்கரம் அத்வைதத்துக்கு உட்பட்டது. தங்கள் துறையும் அப்படியே: கோப்பு சுற்றும்போது இருப்பதுபோல் தெரிகிறது.

ஏன் வெளிச்சம், ஏன் ஹார்ன் இல்லை என்று கேட்கலாம். ஹார்ன்தான் முதலில் நினைத்தேன். பல சுரத்தில் பாடும் ஹார்ன் மோட்டார் வாகனத்தில் கூடாது என்கிறது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி. சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல, எனவே எனக்குத் தடை இல்லை. தடை உள்ளவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. செங்கம் சாலை என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடுவது திண்டிவனம்–கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை. பெங்களூர் போகிற பஸ்கள், மௌனத்தால் உபதேசித்த ரமணரின் ஆசிரம வாசலைக் கடக்கும்போது, ஒரு கீர்த்தனையின் பல்லவியை முடித்துவிட்டுத்தான் போகின்றன. அந்தக் கச்சேரியில் சேர எனக்குத் தொண்டை இல்லை.

இந்தச் சாலையில் யாருக்கு எந்த இடம் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. கிரிவலம் 14 கிலோமீட்டர். கோயிலிலிருந்து புறப்பட்டு, ஆசிரமத்தைத் தாண்டி வலப்பக்கம் திரும்பும்வரை கிரிவலப் பாதையும் நெடுஞ்சாலையும் ஒன்றேதான். மலையோரம் சித்தர்கள் நடமாடும் இடம், அதனால் பக்தர்கள் இடப்பக்கமாக நடக்க வேண்டும் என்பது ஐதீகம். ஆக, வலம் சித்தர்களுக்கு, இடம் பக்தர்களுக்கு, நடு பஸ்ஸுக்கு. மிச்சத்தில் ஆட்டோவும் இளநீர் வண்டியும் மாடும் பங்கு பிரித்துக்கொள்கின்றன. சைக்கிள்காரனும் சித்தரைப்போலக் கண்ணுக்குத் தெரியாதவன்தான். சித்தருக்கு ஒதுக்கீடு உண்டு, எனக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அதனால்தான் விளக்குக் கட்டினேன். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. நிறைமாத கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் மலையை மெல்லச் சுற்றிவர ரமணர் சொன்னதாக அவருடைய அடியார்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் அதைவிட வேகமாக யாராலும் போகவும் முடியாது. அந்த வேகத்தில் என் சக்கரத்தில் எழுத்து விழாது, நாலு மின்மினிதான். சாமி பெயர் தெரிய வேண்டுமென்றால் ஆசாமியை இடிக்கும் வேகத்தில் போக வேண்டும். நம் ஊரில் பல காரியங்கள் அப்படித்தான் நடக்கின்றன என்றாலும், நான் பௌர்ணமிக்கு விளக்கை அணைத்துவிட்டேன்.

இனி அசல் கேள்விக்கு வருகிறேன். நான் யார்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவைப் படித்தேன். நான்கு சக்கரத்துக்குக் குறைந்து, 25 சி.சி.க்கு மிகாத எஞ்சின் இருந்தாலே அது மோட்டார் வாகனம் அல்ல. பேட்டரி வைத்து, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழேயும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழேயும் இருந்தால் விதிகளின்படி அதுவும் அல்ல. அல்ல, அல்ல என்று உபநிடதமே தோற்கும்படி விலக்கிக்கொண்டு போகிறது சட்டம். கடைசியில் எஞ்சி நிற்பது நான். உபநிடதத்தில் எஞ்சுவது பிரம்மம், இங்கே எஞ்சுவது சாலையோரச் சகதி.

இந்தக் கேள்வியை அரசாங்க ஊழியரிடம் கேட்பதா என்று கோபிக்க வேண்டாம். இந்த ஊரில் அதை முறையாகக் கேட்டவரே ஓர் அரசாங்க ஊழியர்தான். தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902-ல் விரூபாக்ஷ குகைக்கு ஏறிப் போய் ரமணரிடம் கேட்டார். அப்போது பேசாமல் இருந்த ரமணர், சைகையாலும் எழுத்தாலும் பதில் தந்தார். அதுதான் பிறகு ‘நான் யார்?’ என்ற நூலாயிற்று. தயவுசெய்து கவனிக்கவும்: மனு வாய்மொழியாக, பதில் எழுத்துப்பூர்வமாக, ‘மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்ற வரி இல்லாமல். 1902-ல் ஒரு குகையில் நடந்த நிர்வாகம் அது.

சைக்கிளில் கருவி பூட்டுவது வேலையற்றவன் வேலை என்றும் சொல்ல முடியாது. இதே திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்தபோது வினிஷா உமாசங்கர், மிதித்து ஓட்டும் இஸ்திரி வண்டியின் கூரையில் சூரியத் தகடு வைத்தார். 5 மணி நேர வெயிலில் 6 மணி நேரம் பெட்டி சூடாகும், கரி வேண்டாம். 2020-ல் சுவீடனிலிருந்து சிறுவர் பருவநிலைப் பரிசு வந்தது. 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச்சுற்று, அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை. உலகத் தலைவர்கள் கேட்கப் பேசிவிட்டு வந்த பெண்ணின் வண்டி, செங்கம் சாலையில் எந்தப் பக்கம் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும்? அதற்கும் விடை தங்களிடம்தான் இருக்க வேண்டும். 2001-02-ல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே ஆண்டுதோறும் சைக்கிள் கொடுக்கிறது. பரிசு கொடுக்க வழி இருக்கிறது, சைக்கிள் கொடுக்க வழி இருக்கிறது. கொடுத்த சைக்கிள் போகத்தான் வழி இல்லை.

எனவே, கீழ்க்கண்டவற்றைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

1. சைக்கிளுக்கு மறுபடி வரி போட வேண்டும். அந்தக் காலத்தில் வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்டினோம். விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். அவமானம்தான், ஆனாலும் அவர் கண்ணுக்கு நாங்கள் தெரிந்தோம். வரி வாங்கும் பொருளை அரசாங்கம் எளிதில் மறப்பதில்லை.

2. செங்கம் சாலையில் சைக்கிளுக்கு ஒரு கோடு கிழிக்க வேண்டும். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கும் அகலம் போதும். அந்த இடத்தை இப்போதும் நாங்கள்தான் குனிந்தபடி பயன்படுத்துகிறோம்.

3. இனி மிதிவண்டிக் கண்டுபிடிப்புக்குப் பரிசளிக்கும் விழாக்களுக்கு, மேடையில் அமர்வோர் அந்த வண்டியை மிதித்தே வந்து சேர வேண்டும்.

4. பதிலை எட்டெழுத்துக்குள் தர வேண்டும். என் சக்கரத்தில் அவ்வளவுதான் இடம். ‘ஆகட்டும்’ தாராளமாகக் கொள்ளும். ‘பரிசீலனையில் உள்ளது’ கொள்ளாது.

இப்படிக்கு,
மோட்டார் வாகனம் அல்லாத ஒருவன்.

நகல்: மேற்படி மூன்று அலுவலகங்களுக்கும், இது தங்களுக்கு வராது என்று பதிவேட்டில் பதிந்துகொள்வதற்காக.