முழம் போடும் மதச்சார்பின்மை

பிரான்சில் மதச்சார்பின்மைக்கு ‘லாயிசிதே’ என்று பெயர். 1905-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளம் கொடுக்காது என்றது. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. அந்த அரசு இப்போது தையற்கடைக்கு வேலைக்குப் போய்விட்டது. 2004-இல் பள்ளி மாணவிகளின் தலைத்துணியை அளந்தது. கூடவே சீக்கியப் பையன்களின் தலைப்பாகையும் மாட்டிக்கொண்டது. 2010-இல் முகத்திரை. 2016-இல் நீஸ் கடற்கரையில் ஆயுதம் தாங்கிய நான்கு போலீசார் சுற்றி நிற்க, உடலை மூடியிருந்த ஒரு பெண் மேலாடையைக் கழற்றினாள். வீரம்தான்!

2020-இல் கொரோனா வந்தது. முகத்தை மூடாவிட்டால் 135 யூரோ அபராதம். முகத்திரைச் சட்டமோ அப்படியே இருந்தது: மூடினால் 150 யூரோ வரை அபராதம். இடையில் இருக்கும் அந்தப் 15 யூரோதான் லாயிசிதே போலும்.

மதம் தெருவில் நடமாடுவதுதான் இவர்களுக்குப் பிரச்சினையா என்றால், அதுவும் இல்லை. பாரிஸ் லா ஷப்பேலில் ஆண்டுதோறும் நம் பிள்ளையார் தேர் ஜம்மென்று ஓடுகிறது. சிதறுதேங்காய்க்குக் குடியரசு உடைந்துவிடவில்லை. சம்பளமா? 1905-இல் ஜெர்மனியிடம் இருந்த அல்சாஸ்-மொசெல் பகுதியில், நெப்போலியன் காலத்தில் தொடங்கிய ஏற்பாட்டின்படி கத்தோலிக்கக் குருமார், பாஸ்டர்மார், யூத ரபிமார் எல்லோருக்கும் இன்றும் அரசாங்கச் சம்பளம். அந்தப் பட்டியலில் இமாம் மட்டும் இல்லை. நாட்டின் அதிபரோ ரோம் லாத்தரன் பேராலயக் குருமார் குழுவின் கௌரவ உறுப்பினர். 2018-இல் மக்ரோன் நேரிலேயே போய் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தார். இவர்தான் பள்ளி மாணவியின் அங்கியில் மதவாதத்தைக் கண்டுபிடிக்கிறார்.

2023-இல் பள்ளிகளில் ‘அபாயா’வுக்குத் தடை. அபாயா என்பது தொளதொளவென்ற நீள அங்கி, அவ்வளவுதான். அதே அங்கி துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கோடைக்கால ஃபேஷனாகத் தொங்குகிறது. பள்ளி வாசலில் நிற்கும் தலைமையாசிரியருக்குத் துணியைப் பார்த்தால் மதம் தெரியாது. வருகைப் பதிவேட்டில் பெயரைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

செப்டம்பர் 4, பள்ளி திறந்த நாள். 298 மாணவிகள் அபாயா அணிந்து வந்தார்கள். மாற்ற மறுத்த 67 பேர் வகுப்புக்குள் கால் வைக்காமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெற்றோரிடம் கொடுக்க அரசாங்கம் ஒரு கடிதமும் தந்தனுப்பியது: லாயிசிதே கட்டுப்பாடு அல்ல, அது சுதந்திரம்.