கோமுகி அணைக்கு மேலேயும் தமிழ்நாடு இருக்கிறது

அனுப்புநர்:
மேட்டில் இறங்கித் தள்ளுகிறவன்,
கச்சிராயபாளையம் சாலை,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
விலையில்லா மிதிவண்டிக்கு விவரக்குறிப்பு எழுதும் குழுவினர்,
மின்விசிறிக்கு நேர் கீழே,
சென்னை.

பொருள்: மலை – மாவட்டத்துக்குள் இருப்பது – பணிந்து தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மிதிவண்டித் திட்டத்தைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்தது, 2005-06-ல் அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றானது. சமவெளியில் சின்னசேலம், தியாகதுருகம் பக்கம் காலை எட்டரை மணிக்கு ரோட்டோரம் நின்று பார்த்தால், வரிசையாகப் போகிற பெண்பிள்ளைகளே அதற்குச் சாட்சி. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒரு சின்னத் தகவல் மட்டும் தங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. 2019 நவம்பர் 26-ம் தேதி விழுப்புரத்திலிருந்து எங்களைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கியபோது, சமவெளியோடு ஒரு மலையையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். பெயர் கல்வராயன். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. வெள்ளிமலையில் வட்டாட்சியர் அலுவலகம்கூட உண்டு. தங்களுக்கு அனுப்பிய வரைபடம் தட்டையாக இருந்திருக்கும். அதில் தங்கள் தவறு ஒன்றுமில்லை. காகிதத்துக்கு அதுதான் சுபாவம்.

மேட்டரைச் சொல்கிறேன். தாங்கள் தேர்ந்தெடுக்கிற ரகத்துச் சைக்கிளில் வழக்கமாக முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஐந்து மீட்டர் போகும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருவதற்கு இது அருமையான கணக்கு. மலையடிவாரத்துக் கோமுகி அணையைத் தாண்டிக் கரியாலூர்ப் பக்கம் ஏறும்போதும் அதே கணக்குதான் என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு மிதிக்கும் பிள்ளை, பை, வண்டி மூன்றையும் ஐந்து மீட்டர் மேட்டில் இழுத்தாக வேண்டும். ரெண்டாவது வளைவில் இறங்கித் தள்ளுகிறான். அப்புறம் அது சைக்கிள் இல்லை, பதினெட்டுக் கிலோ கூடுதல் சுமை. முன்னாடியாவது பையை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தான்.

கியர் வைத்த சைக்கிள் ஆடம்பரம் என்று தாங்கள் நினைக்கலாம். தங்களுக்கு முன்னோடி உண்டு. பிரான்சைச் சுற்றி நடக்கும் 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தை நடத்திய ஆன்ரி டெக்ராஞ்ச் என்பவரும் அப்படித்தான் நினைத்தார். ஆல்ப்ஸ் மலையில் ஏறுகிற வீரனுக்கே செயின் மாற்றும் கியர் கூடாதென்று பிடிவாதம். அவர் 1936-ல் பொறுப்பை விட்டு விலகினார். 1937-ல் கியர் வந்துவிட்டது. தங்கள் குழுவில் யாரும் விலக வேண்டாம். பின் ஃப்ரீவீலை மட்டும் 18 பல்லிலிருந்து 22 பல்லுக்கு மாற்றினால் போதும். ஐந்து மீட்டர் நான்கு மீட்டர் சொச்சமாகும். செயினில் ரெண்டு கண்ணி கூடத் தேவைப்படலாம். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை, தங்கள் கோப்பில் எத்தனை நிதியாண்டு எடுக்குமோ. செங்குத்தான மேட்டுக்கு அதுவும் பத்தாதுதான். மூன்று கியரை ஹப்புக்குள்ளேயே அடக்கி வைக்கிற வித்தை இங்கிலாந்தில் 1902-லேயே வந்துவிட்டது. சேறு, தூசு எதுவும் உள்ளே போகாது. அதைக் கேட்டால் பேராசை என்பீர்கள். 22 பல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பையன்கள் கேட்பது வேறு. தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், தொங்குகிற கியர், பன்னிரண்டாயிரம் ரூபாய். அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், கெட்ட பெயர் வரும். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது. ஒருமுறை கல்லில் விழுந்து கியர் தொங்கட்டான் வளைந்தால் வெள்ளிமலையில் அதை நிமிர்த்த ஆள் தேட வேண்டும். பார்க்கத்தான் புல்லட்டு.

ஏறுவதையாவது தள்ளிச் சமாளிக்கலாம். இறங்குவதுதான் வயிற்றைக் கலக்குகிறது. முலாம் பூசிய இரும்பு ரிம், ரப்பர் கட்டை பிரேக். ரிம் பளபளவென்று இருப்பதால் விழா மேடையில் படம் நன்றாக வரும். மழையில் அதே பளபளப்பு வழுக்கும். பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், வண்டி நிற்பது அப்புறம். எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மழ பேஞ்சா ரிம்மு புடிக்காது தம்பி, செருப்பத் தேய்ச்சுதான் நிறுத்தணும்." ஆக, பள்ளிக்கூடப் பிள்ளையின் செருப்பும் தங்கள் விவரக்குறிப்பில் ஒரு உதிரிபாகம். அலுமினிய ரிம் இவ்வளவு மோசம் இல்லை, எடையும் குறைவு.

ரெயின்கோட்டும் பிரேக்கில் சேர்த்திதான் என்றால் சிரிப்பீர்கள். மழை வந்தால் உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொள்கிறது எங்கள் பழக்கம். காற்றில் பறக்காமல் இருக்க அதை ஒரு கை பிடித்திருக்கும். மிச்சம் ஒரு கை, ஒரு பிரேக், முன்னால் கொண்டை ஊசி வளைவு.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். டைனமோ காலத்தில் லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். அவருக்கிருந்த அக்கறைகூட இன்றைக்கு யாருக்கும் இல்லை. கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் ஆலைக்குப் போகிற டிராக்டர் டிரெய்லரோடு பின்விளக்கும் இல்லாமல் அசைந்து போகும். அதன் பின்னால், அதைவிட இருட்டாக, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த பிள்ளை. இதற்குச் செலவில்லாத யோசனை ஒன்று உண்டு. இலவசமாகக் கொடுக்கிற எதிலும் தலைவர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்ட இடம் தேடுவது நம் மரபு. அந்தப் படத்தை ஒளி பட்டால் மின்னுகிற தாளில் அச்சடித்து, பின் மட்கார்டில் ஒட்டுங்கள். லாரிக்காரர் நூறு அடி தூரத்திலேயே தலைவரின் முகத்தைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிப் போவார். கட்சி வேறுபாடின்றிப் பயன்படும்.

கடைசியாக ஒரு சந்தேகம். எதற்குப் பதினொன்றாம் வகுப்பு? மேல்நிலைப் பள்ளி தூரம் என்பது காரணம். ஆனால் மலையில் ஒன்பதாவதே தூரம்தான். பதினொன்றாவது வரை நடந்தே வந்து தாக்குப்பிடித்தவனுக்குச் சைக்கிள். நடுவில் நின்றுபோனவனுக்குச் சைக்கிள் தேவைப்படாது என்று அரசுக்கு மிச்சம். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, சைக்கிளை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து பார்த்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடியிருந்தார்கள். பணத்தைக் கையில் கொடுத்தால் அப்பன் குடித்துவிடுவான் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. சரி, பணம் வேண்டாம், டோக்கன் கொடுங்கள். எந்த வண்டி என்பதைப் பிள்ளை சொல்லட்டும்.

பையனுக்குக் கம்பி வைத்தது, பெண்ணுக்குக் கூடை வைத்தது என்று தாங்களே பிரித்துவைத்திருப்பதும் பிள்ளையைக் கேட்காமல்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் வண்டியைக் கொடுத்தார்கள். சிலர் அதுவே நல்லது என்றார்களாம், கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று. பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். எந்தக் குழுவுக்கும் இது தோன்றியிருக்காது. கல்வராயனில் கடுக்காய் மூட்டை ஏற்றுகிற வீட்டுப் பெண், கூடைக்குப் பதிலாகக் கனமான கேரியர் கேட்டால் யாருக்கு நட்டம்?

எனவே, அடுத்த கூட்டத்தை வெள்ளிமலையில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோமுகி அணை வரை காரில் வரலாம். அங்கிருந்து தாங்கள் ஒப்புதல் அளித்த வண்டியே தயாராக இருக்கும். ஐப்பசி மாதம் தோதுப்படும். பயணப்படி எந்தத் தலைப்பில் என்பதைக் கணக்கு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். தள்ளிக்கொண்டு நடந்த தூரத்துக்குப் படி கிடையாது என்று சொல்லிவிடப் போகிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இறங்கித் தள்ளுகிறவன்.

இணைப்பு: 22 பல் ஃப்ரீவீல் – ஒன்று. (ரசீது இணைக்கப்படவில்லை. கடைக்காரர் தருவதில்லை.)