குக்கீக்கு வாழ்நாள் சான்று கோரும் மனு

அனுப்புநர்: குரோம் பயன்படுத்தும் ஒருவன், தமிழ்நாடு. (முழு முகவரி தங்களிடமே இருக்கும்.)

பெறுநர்: உயர்திரு பொறுப்பு அதிகாரி அவர்கள், குரோம் பிரவுசர் பிரிவு, கூகுள் நிறுவனம், மவுண்டன் வியூ, கலிபோர்னியா.

பொருள்: மூன்றாம் தரப்புக் குக்கீ – இறக்கும் என அறிவிக்கப்பட்டது – இன்றுவரை உயிரோடு இருப்பது – உரிய சான்று கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அறிவிப்புகள், ஜனவரி 2020, ஜூன் 2021, ஜூலை 2022, ஏப்ரல் 2024, ஜூலை 2024, ஏப்ரல் 2025 மற்றும் அக்டோபர் 2025.

ஐயா / அம்மா,

மனுவைத் தமிழில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. மதுரையில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, குரோமை உருவாக்கும் வேலைக்குப் பொறுப்பேற்று, இப்போது நிறுவனத்துக்கே தலைவராக இருப்பவர் அங்கேதான் இருக்கிறார். புரியாத இடத்தில் அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

பார்வையில் கண்ட முதல் அறிவிப்பில், மூன்றாம் தரப்புக் குக்கீக்கு இன்னும் இரண்டு வருடம்தான் என்றீர்கள். விளம்பர உலகம் தலையில் கை வைத்துக்கொண்டது. பிறகு 2023 கடைசி என்றீர்கள். பிறகு 2024-இன் பிற்பாதி. 2024 ஜனவரியில் குரோம் வைத்திருப்போரில் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் அதை நிஜமாகவே நிறுத்திக் காட்டியபோது, காரியம் முடிந்தது என்றே நம்பினோம். ஏப்ரலில், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றீர்கள். ஜூலையில், நாங்கள் ஒன்றும் செய்யப்போவதில்லை, வேண்டுமா வேண்டாமா என்று மக்களையே கேட்கிறோம் என்றீர்கள். அடுத்த ஏப்ரலில், அதையும் கேட்கப்போவதில்லை என்று முடித்துவிட்டீர்கள்.

இதற்கிடையே குக்கீயின் இடத்துக்கு வரவேண்டிய வாரிசாக 'பிரைவசி சாண்ட்பாக்ஸ்' என்று ஒன்றை வளர்த்து வந்தீர்கள். அதற்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டுத்தான் நான் முதலில் மனு எழுதுவதாக இருந்தேன். 2025 அக்டோபரில் அதன் பெரும்பாலான கருவிகளையும் பெயரையும் தாங்களே மூடிவிட்டீர்கள். போகவேண்டியது இருக்கிறது, வாரிசு போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் தாலுகா அலுவலகத்தில்கூட இப்படி ஒரு கோப்பு இருக்காது.

குக்கீ இனத்தின் மேலேயே எனக்குப் பகை என்று நினைக்க வேண்டாம். 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி அதை உருவாக்கியபோது தேவை நியாயமானது. வலைத்தளத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தில் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்தில் மறந்துவிடும். ஆகவே தளம் ஓர் எண்ணை பிரவுசரிடம் கொடுத்துவைக்கும். மறுமுறை வரும்போது பிரவுசர் அதை நீட்டும். கொடுத்த தளத்துக்கு மட்டும்தான் நீட்டும். இதில் தப்பே இல்லை.

தப்பு எங்கே நுழைந்தது என்பது தங்களுக்குத் தெரியும். தங்கள் தலைவருக்குப் படித்துக் காட்டும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். ஒருவர் காலையில் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறார். பக்கத்தில் இருப்பதெல்லாம் அந்தத் தளத்திலிருந்து வருவதில்லை. ஓரத்து விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. சில சமயம் விளம்பரம்கூட இல்லை. ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம், நிறமே இல்லாத ஒரு படம். அதை எடுத்துவரப் போகும் பிரவுசர், அந்த நிறுவனத்திடமிருந்து ஓர் எண்ணையும் வாங்கிக்கொண்டு வருகிறது. மத்தியானம் அவர் சர்க்கரை வியாதி மாத்திரை பற்றி இன்னொரு தளத்தில் படிக்கிறார். அங்கேயும் அதே நிறுவனத்தின் புள்ளி. பிரவுசர் பணிவாக அதே எண்ணை நீட்டுகிறது. சாயங்காலம் வீட்டுக்கடன் வட்டி விகிதம். அதே புள்ளி, அதே எண். எங்களுக்கு அவர் பெயர் தெரியாதே என்பார்கள். பெயர் எதற்கு? இந்த எண்காரருக்குச் சர்க்கரை இருக்கலாம், கடனும் தேவைப்படுகிறது. வியாபாரத்துக்கு அது போதும்.

இது வரும் என்று முன்பே தெரிந்திருந்தது. இணைய நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர்கள் 1997 பிப்ரவரியில் வெளியிட்ட ஆர்எஃப்சி 2109 என்ற ஆவணத்தில், இப்படி அயலாருக்குக் குக்கீ போவதை பிரவுசர் தடுக்க வேண்டும், விட்டாலும் பயனர் கேட்டால்தான் விட வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். எழுதிய இருவரில் மான்டுல்லியும் ஒருவர். பிரவுசர் கம்பெனிகள் காதில் வாங்கவில்லை. தங்கள் நிறுவனம் அப்போது பிறக்கவே இல்லை. அந்தப் பாவம் தங்களைச் சேராது. அந்தப் புள்ளி வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்குப் பேசி, 2008 மார்ச்சில் வாங்கி முடித்தது மட்டும்தான் தங்கள் கணக்கு. அதே வருடம் செப்டம்பரில் குரோம் வந்தது. பின்தொடர்கிறவரும் பின்தொடரப்படுகிறவர் ஏறும் வண்டியும் ஒரே முதலாளியிடம்.

மற்ற பிரவுசர்கள் இப்படி நாள் குறித்து நாள் மாற்றவில்லை. பயர்பாக்ஸ் 2019-இல் பின்தொடர்வதாகத் தெரிந்த குக்கீகளைத் தானாகவே அடைத்தது. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீ முழுவதையும் அடைத்தது. அதற்கு முன்பே சஃபாரி பாதி அடைத்திருந்த காலத்தில் தங்கள் நிறுவனம் சுற்றிக்கொண்டு உள்ளே போன விவகாரத்தில், 2012-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 2.25 கோடி டாலர் அபராதம் கட்டியதை இங்கே நினைவூட்டுவது நாகரிகமல்ல. விட்டுவிடுகிறேன்.

தங்களால் முடியாது என்றும் சொல்ல முடியாது. வேறு தளத்தின் பக்கத்திலிருந்தும் போகும் குக்கீ என்று வெளிப்படையாக எழுதிக்கொள்ளாத எதையும் அப்படி அனுப்புவதில்லை என்ற விதியை 2020 பிப்ரவரியில் தாங்களே அமல்படுத்தத் தொடங்கினீர்கள். கொரோனாவுக்காக நடுவில் நிறுத்தி, ஜூலையில் மறுபடி தொடங்கினீர்கள். பாதுகாப்புக்கான நல்ல வேலை. எங்களில் யாரையும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. கணக்கில் நுழைந்ததற்கு அடையாளமான குக்கீயைத் திருடிக்கொண்டு ஓடிபி இல்லாமலே கணக்கைப் பிடிக்கும் கும்பல்களுக்கு எதிராகவும் புதிய பூட்டு செய்துகொண்டிருக்கிறீர்கள். திருடனைத் தடுக்க எங்கள் சம்மதம் தேவையில்லை. விளம்பர வாடிக்கையாளரைத் தடுக்கத்தான் ஐந்து வருட யோசனை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். குக்கீயை நிறுத்தினால் போட்டியாளர்கள் குருடாவார்கள், கூகுள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று பிரிட்டனின் போட்டி ஆணையம் கவலைப்பட்டது. வீண் கவலை இல்லை. ஜிமெயிலிலும் யூடியூபிலும் பெயரோடு உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கத் தங்களுக்குப் புள்ளி எதற்கு? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அதனால்தான் தங்களுக்கு அவசரமும் இல்லை, துக்கமும் இல்லை.

ஒரு மனக்குறை மட்டும் உண்டு. சாண்ட்பாக்ஸின் மூத்த பிள்ளை 'ஃபிளாக்'. மக்களை ரசனைவாரியாகக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் அதை 2021-இல் சோதித்தபோது, முதல் பட்டியலில் இந்தியா இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றுகூட இல்லை. அங்கே தனிநபர் தரவைக் காக்கும் சட்டம் இருந்தது. எங்களுடையது 2023-இல்தான் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். அங்கே ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று தாங்கள் பொத்தான் வைத்ததற்கு பிரான்ஸ் மட்டும் 15 கோடி யூரோ அபராதம் போட்டது. எங்கள் சட்டம் முழுதும் அமலுக்கு வந்ததும், சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் கேட்டு வாங்கலாம். 'அனைத்தையும் ஏற்கிறேன்' பொத்தானை அப்போது செந்தமிழில் அழுத்தலாம்.

ஆகவே, ஐயா: மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய், தேர்ட் பார்ட்டி குக்கீஸ் வரை இறங்கி வருபவர் மட்டும் அடைக்கலாம் என்பதைத் திருப்பி வையுங்கள். முதலிலேயே அடைந்திருக்கட்டும், வேண்டுகிறவர் இறங்கிப் போய்த் திறந்துகொள்ளட்டும். இன்காக்னிட்டோவில் அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள். உலகம் இடிந்து விழவில்லை. அது முடியாதென்றால், எங்கள் ஓய்வூதியக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கொடுப்பதுபோல, குக்கீ நலமாக இருக்கிறது, விளம்பரப் பணம் ஒழுங்காக வருகிறது என்று தங்கள் கையொப்பத்தில் ஒரு வாழ்நாள் சான்று வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இறப்பு அறிவிப்பு இனி வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எண்ணால் மட்டும் அறியப்படுபவன்.

நகல்: தங்கள் விளம்பரப் பங்காளிகள் அனைவருக்கும் (தனியே அனுப்பப்படவில்லை, மனு எழுதும்போதே படித்திருப்பார்கள்).