புள்ளியை நகர்த்தப் போனவர்கள்

மில்லிமீட்டரைக் கிலோமீட்டராக்க, புள்ளியை ஆறு இடம் இடப்பக்கம் தள்ளினால் வேலை முடிந்தது. இந்தச் சோம்பேறிச் சுகத்துக்காக இரண்டு பேர் ஏழு வருடம் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

அதற்கு முன் பாரிஸில் 1 துவாஸுக்கு 6 அடி, அடிக்கு 12 அங்குலம், அங்குலத்துக்கு 12 கோடு. வேறு ஊருக்குப் போனால் அடியின் நீளமே வேறு. போதாக்குறைக்குப் பாரிஸ் அடியின் பெயர் ‘ராஜாவின் பாதம்’. ராஜாவின் தலையே வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்களுக்குப் பாதம் எதற்கு? 1791இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் முடிவெடுத்தார்கள்: வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு, மீட்டர்.

துருவத்துக்கெல்லாம் யார் போவது? தன்கெர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளந்துவிட்டு மீதியைக் கணக்கில் தேற்றிக்கொள்ளலாம் என்று 1792இல் வடக்கே தெலாம்பர், தெற்கே மெஷேன் என்று இரண்டு வானியலாளர்கள் கிளம்பினார்கள். தெலாம்பரின் பையில் ராஜாவின் சிபாரிசுக் கடிதம். ஆகஸ்டில் ராஜாவே உள்ளே போய்விட, கடிதம் சாட்சிப்பொருளாகிவிட்டது. சான் தெனி என்ற ஊரில் வளைத்துக்கொண்ட கூட்டத்துக்கு, நடுச்சதுக்கத்தில் கருவிகளைப் பரப்பி, இருட்டும்வரை நில அளவைப் பாடம் எடுத்தார் மனிதர். இன்னோரிடத்தில், தூரத்திலிருந்து தெரியட்டுமே என்று கோபுரத்தில் வெள்ளைத்துணி கட்டினார். அது ராஜவம்ச நிறமாயிற்றே! ஊரார் முறைத்ததும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் தைத்துத் தப்பித்தார்.

மெஷேன் பாடு வேறு. பார்சிலோனாவில் மலைக்கோட்டையிலிருந்தும் ஊருக்குள் இருந்த விடுதியிலிருந்தும் நட்சத்திரம் பார்த்தார். இரண்டு அட்சரேகைக் கணக்குக்கும் 3 விகலை உதைத்தது. தரையில் சுமார் 90 மீட்டர். வெளியே சொல்லாமல் மென்று விழுங்கி, திருத்தியே தீருவேன் என்று மறுபடி ஸ்பெயின் போய், 1804இல் மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனார். பிறகுதான் அவருடைய காகிதங்களைப் புரட்டித் தெலாம்பர் விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

பாவம், முக்கியக் குற்றவாளி அவரல்ல. துருவத்தில் பூமி எவ்வளவு தட்டை என்று பாரிஸ் நிபுணர்கள் வைத்துக்கொண்ட எண்தான் காலைவாரியது. 1799இல் செய்த பிளாட்டின மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குட்டை. கோடியால் பெருக்குங்கள்: துருவம் முதல் நடுக்கோடு வரை 20,00,000 மில்லிமீட்டர் துண்டு விழுகிறது. புள்ளியை ஆறு இடம் தள்ளினால், 2 கிலோமீட்டர்.