அப்பாவின் காலை நடை

கேள்வி: அப்பாவின் மூளை ரத்தக்குழாயில் 3 மில்லிமீட்டர் வீக்கம் என்று ஸ்கேனில் தெரிந்தது. அன்றோடு நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். நடந்தால் வெடித்துவிடுமா?

பதில்: டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்பாவைச் செருப்பு மாட்டச் சொல்லுங்கள். நிதானமான நடையில் மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்சம்தான் கூடும். மூச்சிரைக்க ஓடினாலோ, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து குழாய்கள் சுருங்க, வரத்து மறுபடி இறங்கும். மடையைத் தானே திறந்து மூடும் விவசாயி, நம் மூளை!

பயப்பட வேண்டியது மூச்சை அடக்கிப் பளு தூக்குவதற்குத்தான். 1985-ல் வெளியான கனடா ஆய்வில், பாடி பில்டர்கள் இரு காலாலும் பாரத்தை உந்தியபோது தமனிக்குள்ளேயே அளந்தார்கள். உச்ச ரத்த அழுத்தத்தின் சராசரி 320/250! நெதர்லாந்தின் 2011 ஆய்வோ, வெடிப்பைத் தூண்டியவற்றில் கடும் உடற்பயிற்சியோடு காபி, கோபம், மூக்குச் சிந்துவது, கழிப்பறையில் முக்குவது எல்லாவற்றையும் சேர்த்தது. ஆகவே முக்க வேண்டி வராதபடி, நடையோடு ராத்திரி ஒரு வாழைப்பழமும் கொடுங்கள். பிரஷர் மாத்திரை தவறக்கூடாது. சிகரெட் இருந்தால் இன்றே பிடுங்கிவிடுங்கள்.

இடி விழுந்தாற்போல் திடீர்த் தலைவலி வந்தால் மட்டும் ஓர் அடிகூட நடக்க விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸ்.