குச்சியைப் பிடித்த அரசுக்கு, பலூன் அடிப்பவன் எழுதுவது

அனுப்புநர்:
பலூனில் பெயர் அடிப்பவன்,
மாசி வீதி ஒன்றின் பின்சந்து,
மதுரை.

பெறுநர்:
மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: பலூன் குச்சியிடமிருந்து நாட்டைக் காத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: 12.08.2021 நாளிட்ட தங்கள் அரசிதழ் அறிவிக்கை.

ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்ட அறிவிக்கைப்படி 2022 ஜூலை 1 முதல் இந்த நாட்டில் பிளாஸ்டிக் பலூன் குச்சியைச் செய்யக்கூடாது, விற்கக்கூடாது, இருப்பும் வைக்கக்கூடாது. அன்று காலை கடையைத் திறந்தபோது பரணில் நான்கு மூட்டைக் குச்சி கிடந்தது. முந்தைய நாள் இரவு வரை நான் வியாபாரி, விடிந்ததும் குற்றவாளி. வருத்தமில்லை. காது குடையும் குச்சி, மிட்டாய்க் குச்சி, ஐஸ் குச்சி, கலக்கும் குச்சி என்று ஒரு வம்சமே அந்தப் பட்டியலில் இருக்கிறது. குச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு எவனும் தப்பிவிடக்கூடாது என்று தில்லியில் யாரோ இரவு பகலாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அந்தக் குச்சியின் நுனியில் ஒரு பலூன் இருந்ததே, அது யார் கண்ணிலும் படவில்லையா?

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன் பிரிண்டிங். அப்பா காலத்தில் தாம்பூலப் பையும் பத்திரிகைக் கவரும். இப்போது காலையில் மஞ்சப்பை, மதியத்துக்கு மேல் பலூன். 2021 டிசம்பரில் தமிழக அரசு, பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று ‘மீண்டும் மஞ்சப்பை’ ஆரம்பித்ததிலிருந்து பை வேலை கொஞ்சம் கூடியிருக்கிறது. மை இழுக்கிற ஸ்குவீஜி கட்டை ஒன்றுதான், கையும் ஒன்றுதான். காலையில் அந்தக் கை பூமியைக் காக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவியபின் என்ன செய்கிறது என்பதைத்தான் எழுத வந்தேன்.

பலூனில் அச்சடிப்பதைப் பார்த்தவர்கள் குறைவு. சுருங்கிக் கிடக்கும் ரப்பரில் ஒழுங்காக அடிக்க முடியாது. முதலில் காற்றடைக்க வேண்டும். உப்பிய பலூனை ஸ்கிரீனோடு அழுத்திப் பிடித்து, ரப்பர் இழுபட்டால் தானும் இழுபடுகிற மையை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். காய்ந்ததும் காற்றை இறக்கி நூறு நூறாகப் பாக்கெட் போட வேண்டும். ஆயிரம் பலூன் ஆர்டர் என்றால் ஆயிரம் தடவை ஏற்றி ஆயிரம் தடவை இறக்குகிறோம். காற்று இறங்கியதும் விரல் நீள எழுத்து எறும்பு வரிசையாகிவிடும். வாங்கியவர் நாங்கள் ஊதிய அளவுக்கே ஊதினால் வாசகம் நேராக இருக்கும். ஆசைப்பட்டு இன்னும் இரண்டு அடி பம்பு அடித்தால் எழுத்து பெரிதாகும், பெரிதாக ஆக வெளிறும். இன்னும் அடித்தால் பலூனே இருக்காது. (அரசு அறிவிப்புகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பலூனைத்தான் சொல்கிறேன்.)

ரப்பர் பலூனை 1824-இல் லண்டனில் முதலில் செய்தவர் மைக்கேல் ஃபாரடே. இரண்டு ரப்பர் தகடுகளை ஓரம் ஒட்டி, உள்ளே ஒட்டிக்கொள்ளாமலிருக்க மாவு தடவி, ஹைட்ரஜன் அடைத்து ஆராய்ச்சிக்கு வைத்துக்கொண்டார். அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. விஞ்ஞானிகளுக்கு விளம்பரம் தெரியாது.

எங்கள் ஊருக்குத் தெரியும். நகைக்கடை திறப்பு, மனை விற்பனை, பள்ளிச் சேர்க்கை, முதல் பிறந்தநாள், காதுகுத்து. காதுகுத்துக்கா பலூன் என்று கேட்காதீர்கள். மதுரைக் காதுகுத்துக்கு இல்லாத விளம்பரம் மந்திரி பதவியேற்புக்குக்கூட இருக்காது. இவற்றிலெல்லாம் கஷ்டமான ஆர்டர் தலைவர் முகம். ஒரு தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர் ஒருவர் வந்து, “தம்பி, அண்ணன் சிரிக்கிற படம். நல்லா பெருசா வரணும்” என்றார். அடித்துக் கொடுத்தோம். விழாவன்று அவருடைய ஆட்கள் சிக்கனமாக அரைக் காற்றோடு கட்டிவிட்டார்கள். போன் வந்தது: “என்னப்பா, அண்ணன் அழுகுறாரு?” “முழுசா அடிங்கண்ணே” என்றேன். முழுசுக்கும் மேலே அடித்துவிட்டார்கள். கன்னம் இரண்டும் காதைத் தாண்டிப் போய், அண்ணனுக்கு எதிர்க்கட்சித் தலைவர் சாயல் வந்துவிட்டது. மேடைக்குக் கீழே ஒரு பொடியன் குண்டூசியோடு திரிந்தான். அவனை நான்கு தொண்டர்கள் துரத்திக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். தேர்தல் ஆணையத்தின் சுயேச்சைச் சின்னங்களில் பலூனும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. அதைக் கேட்டு வாங்குகிற வேட்பாளரின் நெஞ்சுரத்தை நான் மதிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பலூன் இரண்டு வகை: நிற்பது, பறப்பது. நிற்பதற்கு வெறும் காற்று போதும். அது தானாக மேலே போகாது. அதனால்தான் கப்பில் மாட்டிக் குச்சியில் செருகிப் பிள்ளை கையில் கொடுத்தோம். சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே வெடிக்கும், அம்மா கூட்டி அள்ளிக் குப்பையில் போடுவாள், கதை முடிந்தது. பறப்பதற்கு வாயு வேண்டும். குச்சி வேண்டாம், நூல் போதும். நூலை விட்டால் அது எந்த ஊர்க் குப்பை என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆக, பலூனைத் தரையோடு பிடித்து வைத்திருந்தது குச்சி. தாங்கள் தடை செய்ததும் குச்சி. தும்பை விட்டு வாலைப் பிடித்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தும்பையே அறுத்துவிட்டு மாட்டுக்கு வழி சொன்னவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

காகிதக் குச்சி வந்தது, மறைக்கக்கூடாது. பிள்ளையின் கை வியர்வைக்கே அது தலை கவிழ்ந்துவிடும். மூங்கில் குச்சியும் வந்தது. அது பக்கத்துப் பிள்ளையின் கண்ணைத் தேடும். இரண்டையும் பார்த்துச் சலித்த நிகழ்ச்சிக்காரர்கள் இப்போது, “குச்சியே வேணாம்ணே, கேஸ் பலூனாக் குடுத்துருங்க” என்கிறார்கள். கேஸ் பலூனைப் பற்றி அறிவிக்கையில் ஒரு சொல் கிடையாது. பளபளவென்று எண்ணும் எழுத்துமாக வருகிற ஃபாயில் பலூனைப் பற்றியும் கிடையாது. அது முழுக்கப் பிளாஸ்டிக் படலம், மேலே உலோகப் பூச்சு. இனிப்புப் பெட்டியைச் சுற்றினால் படலம் குற்றம் என்கிறது தங்கள் பட்டியல். அதற்குள் காற்றை அடைத்தால் பிறந்தநாள்.

வாயு என்றதும் ஒரு பழைய உறவு ஞாபகம் வருகிறது. 1868 ஆகஸ்ட் 18-இல் முழுச் சூரிய கிரகணம். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலர் ஜான்சென் கருவியோடு காத்திருந்தார். அந்தக் கிரகணத்தில் நிறமாலையில் தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டிலிருந்துதான், பலூனைப் பறக்கவைக்கிற ஹீலியத்தின் கதை தொடங்குகிறது. கதை நம் ஊரில் தொடங்கினாலும் சரக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை என் போன்றவனுக்குக் கட்டாது. திருவிழாவில் பலூன்காரர் பக்கத்தில் ஒரு துருப்பிடித்த உருளை நிற்குமே, அதில் இருப்பது ஹைட்ரஜன். காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் தண்ணீரோடு போட்டால் வந்துவிடும். சில நேரம் உருளையும் கூடவே மேலே போய்விடும். 2020 செப்டம்பரில் சென்னை அம்பத்தூர் பக்கம், பிரதமரின் பிறந்தநாளுக்குப் பறக்கவிட வைத்திருந்த வாயு பலூன்கள் பட்டாசுப் பொறி பட்டுத் தீப்பிடித்துப் பலர் காயமடைந்தார்கள். 2012 மே மாதம் ஆர்மீனியாவின் யெரெவானில் ஆளுங்கட்சிக் கூட்டத்தில் இதே போல பலூன் வெடித்துக் காயமடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல். இரண்டு இடத்திலும் குச்சி இருந்ததாகத் தகவல் இல்லை.

‘ரப்பர்தானே, மக்கிவிடும்’ என்று தங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். நானும் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் அந்தப் பொய்யின் ருசி தெரியும். கன்னியாகுமரித் தோட்டத்தில் மரத்திலிருந்து வடிகிறபோது அது பால்தான். அதோடு கந்தகம், துத்தநாக ஆக்சைடு, சாயம் எல்லாம் சேர்த்து அவித்த பிறகுதான் பலூன். டாஸ்மேனியாவில் ஆய்வாளர்கள் பலூன்களை உரக்குழியிலும் நன்னீரிலும் கடல்நீரிலும் 16 வாரம் போட்டு வைத்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் மக்கவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கத்துக் கடற்பறவைகளைப் பற்றி 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வு, கெட்டிப் பிளாஸ்டிக்கை விழுங்கிய பறவையைவிடப் பலூன் துண்டை விழுங்கிய பறவை சாக 32 மடங்கு வாய்ப்பு என்கிறது. கெட்டிப் பிளாஸ்டிக் என்றால், உதாரணத்துக்கு, குச்சி. கிழிந்த பலூன் கடலில் மிதந்தால் சொறிமீன் மாதிரி இருக்கும். ஆமைக்கு அது சாப்பாடு. மேலே யார் பெயர் அடித்திருக்கிறது என்று ஆமை படித்துப் பார்ப்பதில்லை.

மொத்தமாக விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் செய்தே பார்த்துவிட்டது. 1986 செப்டம்பர் 27. ஒரு தொண்டு நிறுவனம் நிதி திரட்டவும் உலக சாதனைக்குமாக 14 லட்சத்துக்கும் அதிகமான பலூன்களை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டது. மழை மேகம் எதிரே வந்தது. போன பலூனெல்லாம் திரும்பி வந்து நகரத்திலும் ஈரி ஏரியிலும் விழுந்தது. விமான ஓடுபாதையை மூட வேண்டியதாயிற்று. ஏரியில் படகோடு காணாமல்போன இருவரைத் தேடப் போன கடலோரக் காவல் படைக்கு, தண்ணீரில் மிதப்பது தலையா பலூனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருவரும் பிணமாகத்தான் கிடைத்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பகடி கொஞ்சம் குறைந்துவிட்டது.

அதே நாட்டில் ஃபுளோரிடா மாநிலம் 2024 ஜூலை முதல் பலூனை வேண்டுமென்றே வானில் விடுவதைத் தடை செய்திருக்கிறது. குச்சியைப் பிடிக்கவில்லை, விடுகிற கையைப் பிடித்திருக்கிறார்கள். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. இதே சட்டத்தை இங்கே கொண்டுவந்தால், தொடக்க விழா மேடைகளில் ஆறு வயதுச் சான்றிதழோடு யார் யார் வந்து நிற்பார்கள் என்று எனக்கு இப்போதே தெரிகிறது.

கடைசியாக ஒரு சொந்தக் கணக்கு. குச்சித் தடைக்குப் பிறகு ஒரு நாள் சோதனை வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பரணிலிருந்த நான்கு மூட்டையையும் அள்ளி, அபராதம் எழுதி, பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி எடுத்துப் போனார்கள். மூன்றாவது வாரம் அதே அலுவலகத்திலிருந்து அதே ஆள் வந்தார். விழிப்புணர்வுப் பேரணியாம், 2,000 பலூன் வேண்டுமாம். பச்சை நிறம், வெள்ளை எழுத்து: ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம், கடலைக் காப்போம்’. “குச்சியோடயா சார்?” என்று கேட்டுவிட்டேன். “சட்டம் தெரியாதாய்யா? நைலான் நூல்ல கட்டு. மேலேர்ந்து பெரியவங்க வர்றாங்க, பறக்க விடணும்” என்றார். விட்டார்கள். கைதட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் படமும் வந்தது. பலூன் எங்கே போனது என்று செய்தியில் இல்லை. மதுரையிலிருந்து கிழக்கே காற்றடித்தால் என்ன இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது இவ்வளவுதான். பட்டியலைத் திருத்தும்போது வானில் விடும் பலூனையும் அதில் சேருங்கள். என் வருமானத்தில் பாதி போகும். மஞ்சப்பை அடித்துக்கொள்கிறேன். அது முடியாது, கோப்பு நகர நாளாகும் என்றால், தங்கள் துறைகளின் விழாக்களிலாவது நூலை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். கை வலித்தால் ஒரு குச்சியில் கட்டிக்கொள்ளலாம். என் குச்சிகள் தங்கள் வசம்தான் இருக்கின்றன.

அந்த 2,000 பலூனுக்குப் பணம் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பலூன் அடிப்பவன்.

இணைப்பு: மேற்படி பலூன் ஒன்று. காற்றில்லாமல் அனுப்பியிருக்கிறேன், வாசகம் எறும்பு வரிசையாகத் தெரியும். ஊதிப் படித்தபின் காற்றை இறக்கிக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளவும். சன்னல் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.